டிராக்டருக்கு ஒரு தொழுவம்



பழைய நாளில் மதுரைச் சீமையில் உழவன் ஒருவன் வீடு கட்டத் தொடங்கினால், கொத்தனாரிடம் அவன் முதன்முதலில் பேசும் பேச்சுகளுள் ஒன்று, "மாடு எங்கே நிற்கும்?" என்பதாகவே இருக்கும். மனிதர் படுக்கும் அறை சிறியதாக இருந்தாலும் இருக்கலாம். தொழுவம் சிறியதாக இருத்தல் ஆகாது. தொழுவத்தின் ஓரத்தில் கழுநீர்த் தொட்டி, அதன் மேலே பரண், பரணிலே நுகத்தடியும் வடக்கயிறும், சுவரில் அடித்த முளையிலே கலப்பை, வாசற்புறத்தில் வண்டி, கொல்லைப்புறத்தில் நெருப்பு எட்டாத தொலைவில் வைக்கோற்படப்பு. ஒவ்வொன்றுக்கும் இடம் வகுத்த பிறகுதான் வீட்டின் சுவர் எழும்பியது. ஏர்மாடு அந்த வீட்டின் உறுப்பினர்களுள் ஒருவராகக் கருதப்பட்டது என்று சொல்வது வெறும் உபசார வார்த்தையன்று. வீட்டின் அமைப்பே அதற்குச் சான்று.

அந்த மாட்டின் வேலையை இன்று டிராக்டர் செய்கிறது. வங்கிக் கடன் பத்திரத்தோடும், பதிவுப் புத்தகத்தோடும், மாலையும் சந்தனப் பொட்டுமாக அது ஊருக்குள் வந்து சேருகிறது. ஆனால் அது நிற்பதற்கான இடம் மட்டும் அதனோடு வருவதில்லை. வேப்பமரத்தடியிலும், கோயில் பொட்டலிலும், தெரு ஓரத்திலும், தலையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துக்கொண்டு அது நிற்பதை நீங்கள் எத்தனையோ ஊர்களில் கண்டிருப்பீர்கள். இலட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பொருளை இப்படி நிறுத்துகிறோமே, இதனால் இழப்பு என்ன, இதற்கு வழி என்ன என்பதைத்தான் இன்று உங்களோடு கலந்து பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன். கணக்கு இல்லாமல் எனக்குப் பேச்சு வராது. ஓர் ஆண்டுக்கு 365 நாள்; நாளுக்கு 24 மணி; ஆக 8760 மணி நேரம். மூன்று ஏக்கர் நிலமுள்ள ஒருவர் சிறிய டிராக்டர் ஒன்று வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் ரோட்டவேட்டரைப் பூட்டி ஓர் ஏக்கரை ஒரு முறை உழ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு போகத்துக்கு மூன்று உழவு, இரண்டு போகம். பெருக்கிப் பாருங்கள்: 36 மணி நேரம்தான் வருகிறது. அண்டை அயலாரின் நிலத்தையும் தென்னந்தோப்புகளையும் வாடகைக்கு உழுது, எருவும் வைக்கோலும் இழுத்து, ஆண்டுக்கு 200 மணி நேரம் அதை ஓட்டினார் என்றே கொள்வோம். எஞ்சிய 8560 மணி நேரமும் அந்த இயந்திரம் சும்மா நிற்கிறது. அதாவது நூற்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலே உழைப்பு; ஏறக்குறைய தொண்ணூற்றெட்டுப் பங்கு நிற்றல். உழுவது அதன் தொழில் என்கிறோம். காலத்தைக் கொண்டு பார்த்தால் நிற்பதே அதன் தொழிலாக இருக்கிறது! ஆகவே அது எவ்வாறு உழைக்கிறது என்பதைப் போலவே, எங்கே நிற்கிறது என்பதும் அதன் ஆயுளை முடிவு செய்கிறது.

மாடும் பெரும்பாலான நேரம் நிற்கத்தான் செய்தது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. மழையில் நனைந்த மாடு மறுநாளே நோய் காட்டும், உரியவன் பதறிப்போவான். மழையில் நனைந்த இரும்பு மறுநாள் ஒன்றும் சொல்லாது. மூன்றாம் ஆண்டில்தான் சொல்லும்.

சிறிய டிராக்டர் என்று நான் சொல்வது நம் ஊரில் மினி டிராக்டர் என்று வழங்குவதைத்தான். பெரிய டிராக்டர்கள் 35 முதல் 50 குதிரைத்திறன் வரையில் உள்ளவை. எடை இரண்டு டன்னை நெருங்கும். மினி டிராக்டர் ஏறத்தாழ 15 முதல் 25 குதிரைத்திறன் உடையது. எடையும் பெரும்பாலும் ஒரு டன்னுக்குள் அடங்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்டு என்று பௌதிகத்தில் படித்திருப்பீர்கள். நல்ல ஏர்மாடு ஒரு ஜோடி சேர்ந்தே தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன்தான். அந்த ஜோடியின் பின்னால் உழவன் நடந்த நடையையும் எண்ணிப் பாருங்கள். ஓர் ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பையின் படைச்சால் 15 சென்டிமீட்டர் அகலம் என்று கொண்டால், ஓர் ஏக்கரை ஒரு முறை உழுது முடிக்க 27 கிலோமீட்டர் நடக்கவேண்டும். ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் ரோட்டவேட்டருக்கோ அது நான்கு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், அதுவும் உட்கார்ந்தபடியே. இளைஞர்கள் மாட்டை விட்டு இயந்திரத்துக்கு மாறியதைச் சோம்பல் என்று பழிப்போர் ஒரே ஒரு நாள் அந்த 27 கிலோமீட்டரைச் சேற்றில் நடந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

டிராக்டர் இவ்வளவு சிறிதாக ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்க காலத்து டிராக்டர்கள் கலப்பையை வண்டியைப் போலப் பின்னால் கட்டி இழுத்துச் சென்றன. இயந்திரம் ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து திரும்பப் பெரிய இடம் வேண்டும். கொழு கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழ்வதும் உண்டு. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். கருவியை மூன்று முனைகளில் டிராக்டரோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் செய்தார். கருவியின் சுமை டிராக்டரின் பின்சக்கரங்களின்மேல் இறங்கியதால், இயந்திரம் இலேசாக இருந்தும் சக்கரம் வழுக்காமல் பிடித்து இழுத்தது. ஹென்றி போர்டோடு கூடி 1939இல் இந்த அமைப்பை அமெரிக்காவில் பரப்பினார். 1946இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் வெளிவரத் தொடங்கிய அவருடைய டிஇ20 என்னும் சாம்பல்நிறச் சிறு டிராக்டர், 1956 வரையில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டு உற்பத்தியாயிற்று. 1953இல் அவர் நிறுவனம் மாசி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அதுவே பின்னர் மாசி பெர்குசன் எனப் பெயர் பெற்றது. அந்த மாசி பெர்குசன் டிராக்டர்களை நம் நாட்டில் செய்வதற்காக 1960இல் சென்னையில் தோன்றியதுதான் டாபே நிறுவனம். இன்று எந்த மினி டிராக்டரின் பின்புறம் சென்று பார்த்தாலும் பெர்குசனின் அந்த மூன்று முனைப் பிணைப்பைக் காணலாம். கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்பு மூலையில் திரும்புவதும், கொட்டகைக்குள் பின்னோக்கி நுழைவதும் அதனால்தான் இயலுகின்றன.

சிறு நிலத்துக்குச் சிறு டிராக்டர் என்பதை ஒரு கொள்கையாகவே கொண்ட நாடு ஜப்பான். உலகப் போருக்குப் பின் நிலச் சீர்திருத்தம் நடந்த அந்நாட்டில், ஒரு குடும்பத்தின் நிலம் சராசரியாக ஒரு ஹெக்டேர் அளவிலேயே இருந்தது. அமெரிக்கச் சமவெளிக்கென்று செய்த இயந்திரம் அந்த வயலில் திரும்பவே முடியாது. குபோட்டா நிறுவனம் 1960இல் டி15 என்னும் சிறு டிராக்டரைச் செய்தது. நம் நாட்டிலும் 1959இல் ஐச்சர் நிறுவனம் பரிதாபாத்தில் டிராக்டர் உற்பத்தியைத் தொடங்கியது. 1967இல் பெங்களூரில் தோன்றிய வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கூடிப் பவர் டில்லர்களைச் செய்தது. 2011இல் மகிந்திரா நிறுவனம் 15 குதிரைத்திறனுள்ள யுவராஜ் 215 என்பதைச் சிறு உழவர்களுக்கென்றே வெளியிட்டது. 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், மினி டிராக்டர் நம் ஊருக்கு ஏன் வந்தது என்பது தானே விளங்கும்.

வந்தது சரி, நிற்கும் இடம்?

வாடிப்பட்டி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் தங்கையின் குடும்பம் இருக்கிறது. பேரணையிலிருந்து வரும் பெரியாறு பிரதானக் கால்வாயின் பாசனம். மூன்று ஏக்கர் நஞ்சை. கணவர் காலமான பின் மகன்தான் பயிர் செய்கிறான். 2022ஆம் ஆண்டு தை அறுவடை முடிந்ததும் கடன் பெற்று 24 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்றை வாங்கினான். சில மாதம் அது களத்துமேட்டில் நின்றது. திருவிழா வந்ததும் ஊர்ப் பொதுவிடம் என்று அங்கிருந்து எடுக்கச் சொன்னார்கள். தெருவில் நிறுத்தினான், சிற்றுந்து போக வழியில்லை என்று சொல்லெழுந்தது. அப்போது அவன் கண் தொழுவத்தின்மேல் விழுந்தது. தொழுவத்தை இடித்துக் கொட்டகை போடுவது, அங்கே நின்ற இரண்டு கறவைப் பசுக்களையும் விற்றுவிடுவது என்று முடிவு செய்தான்.

என் தங்கை அதற்கு இணங்கவில்லை. நான் கே.கே. நகரிலிருந்து பேருந்து ஏறிப் போய்ச் சேர்ந்தபோது தாயும் மகனும் இரண்டு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை.

"அண்ணே, நீங்களே சொல்லுங்கள். காலையும் மாலையும் சங்கத்துக்கு ஊற்றுகிற பால் காசில்தான் இவனுடைய தவணையில் பாதி போகிறது. அந்தப் பசு நிற்கிற இடத்தையே கேட்டால் எப்படி?" என்றாள்.

"மாமா, ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டியை உள்ளே விட்டாக வேண்டும். வேறு இடம் எங்கே இருக்கிறது?" என்றான் அவன்.

இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. கடனைக் கட்டுவது பால். கடனுக்குக் காரணம் இயந்திரம். ஒன்றை வைக்க மற்றொன்றை விற்பது அரிசியை விற்று அடுப்பு வாங்குவது போல் ஆகும். ஆனால் இத்தகைய வழக்கில் நியாயம் பேசுவதைக் காட்டிலும் நாடாவை எடுத்து அளப்பதே மேல் என்று எனக்குத் தோன்றியது. "மாப்பிள்ளை, முதலில் இடத்தை அளக்க வேண்டாம், வண்டியை அளப்போம்" என்றேன்.

அளந்தோம். டிராக்டரின் நீளம் எட்டடி. அகலம் மூன்றரை அடி. பின்னால் ரோட்டவேட்டரைப் பூட்டினால் மேலும் மூன்றடி. ஆக நீளம் பதினோரடி. ஆள் சுற்றி நடந்து எண்ணெய் பார்க்கவும், சக்கரத்துக்குக் காற்று அடிக்கவும் இரு பக்கமும் இவ்விரண்டடி வேண்டும். முன்னால் ஓரடி போதும். பின்னால் கருவியைக் கழற்றவும் பூட்டவும் மூன்றடி. கூட்டினால் பதினைந்தடி நீளம், ஏழரை அடி அகலம். எட்டடி என்றே வைத்துக்கொண்டாலும் 120 சதுர அடி. தொழுவமோ இருபதடிக்குப் பன்னிரண்டடி, 240 சதுர அடி. டிராக்டருக்குத் தேவையானதைப் போல் இரு மடங்கு இடத்தை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்! இதில் வியப்பில்லை. இயந்திரம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும். நாடாவுக்கு மட்டுந்தான் அதன் உண்மை அளவு தெரியும்.

தொழுவத்தின் மேற்குச் சுவருக்கு வெளியே, வேலி வரையில் ஒன்பதடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. அங்கே பழைய தகரம், விறகு, உடைந்த ஓடு, அவற்றின் நடுவே அச்சு முறிந்த ஒரு கட்டை வண்டி. சுவரில் சாய்ப்பு இறக்கினால் டிராக்டர் அங்கே தாராளமாக நிற்கும். அது இத்தனை நாளும் கேட்டது பசுவின் இடத்தை அன்று; ஓட்டை உடைசலின் இடத்தைத்தான். ஆயினும் அந்தக் கட்டை வண்டி என் தங்கையின் கணவர் ஓட்டியது. அவள் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பசு நிற்கட்டும், வண்டியை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சொல்லின் விலை எந்தக் கணக்கிலும் ஏறாது.

இடம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அதற்குள் நுழையவும் வேண்டும். இங்கேதான் வடிவகணிதம் கைகொடுக்கிறது. டிராக்டர் திரும்பும்போது அதன் நான்கு சக்கரங்களும் ஒரே வட்டத்தில் போவதில்லை. பின்சக்கரங்கள் திரும்பாதவை, ஆகையால் அவை உட்புறமாக வெட்டிச் செல்லும். முன்சக்கரங்கள் அகன்ற வட்டத்தில் செல்லும். எல்லாச் சக்கரங்களின் வட்டத்துக்கும் மையம் ஒன்றே. அம்மையம் பின்அச்சின் நீட்சியிலே அமையும். முற்றத்தில் ஒரு முளையை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்பால் இந்த வட்டங்களை வரைந்தோம். ஊர்ப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். காம்பஸை நோட்டில் மட்டுமே கண்டவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. மினி டிராக்டர் திரும்பும் வட்டத்தின் ஆரம் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும். நேர்முகமாக நுழைந்தால் பின்சக்கரம் தொழுவத்தின் மூலையை உரசும் என்று கோடு காட்டிற்று. பின்னோக்கி நுழைந்தால் இடம் மிஞ்சியது. சுவர் எழுப்புமுன் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்ப்பதற்குச் செலவு மிகக் குறைவு. எழுப்பிய சுவரை இடிப்பதற்கு ஆகும் செலவை நான் சொல்லவேண்டுவதில்லை.

சாய்ப்பின் திறந்த பக்கம் எந்தத் திசை பார்க்கவேண்டும்? மதுரை வட்டாரத்துக்கு வடகிழக்குப் பருவக்காற்றின் மழை முக்கியமானது. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். கோடையில் மேற்குவெயில் கொடுமையானது. எனவே கிழக்கே தொழுவத்துச் சுவர் இருக்க, வடக்கையும் மேற்கையும் அடைத்துத் தெற்கைத் திறந்து விட்டோம். மேற்குச் சுவரின் மேற்பகுதியில் காற்றுப் போக இடைவெளி உண்டு. தரையைச் சுற்றுப்புறத்தைக் காட்டிலும் அரையடி உயர்த்திக் கெட்டிப்படுத்தி, வாயிலை நோக்கி இலேசான சரிவு கொடுத்தோம். தகரக் கூரை சூட்டை இறக்கும் என்பதால் அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினோம். வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்பும். தென்னங்கீற்று வேய்ந்தால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் என்று கொத்தனார் சொன்னார். டீசல் இருக்கும் இடத்துக்கு மேலே காய்ந்த கீற்று வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். படப்பையும் இருபதடி தள்ளி மாற்றினோம்.

இனி, கூரையின்கீழ் நிற்கும் இயந்திரத்துக்கும் பகை உண்டு என்பதை அறியவேண்டும். முதற்பகை ஈரம். இரும்பும் நீரும் உயிர்வளியும் கூடினால் துரு பிறக்கும். இது ரசாயனத்தின் தொடக்கப் பாடம். சேற்றோடு நிறுத்தப்பட்ட ரோட்டவேட்டர் ஈரத்துணியைப் போர்த்துக்கொண்டு நிற்பதற்கு ஒப்பாகும். அந்தச் சேறு காயக் காய உள்ளிருக்கும் உப்புகள் இரும்பைத் தின்னும். ஆகவே வயலிலிருந்து வந்ததும் கழுவி, கத்திகளில் பழைய எண்ணெய் தடவுதல் வேண்டும். உரமூட்டைகளை டிராக்டரின் பக்கத்தில் அடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது தவறு. உரத்தின் உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும். அருகிலுள்ள இரும்பு முதலில் அழியும்.

ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதுதான் பலருக்குப் புதிய செய்தி. டீசல் தொட்டி பாதி வெறுமையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் சூட்டால் தொட்டிக்குள் உள்ள காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அதனோடு ஈரமும் வரும். குளிர்ந்த தொட்டிச் சுவரில் அந்த ஈரம் பனித்துளியாகப் படியும். நீர் டீசலைக் காட்டிலும் கனமானது; ஆகவே துளிகள் அடியில் போய்த் தங்கும். எஞ்சினுக்கு எண்ணெய் செல்லும் குழாயோ அடியிலிருந்துதான் புறப்படுகிறது! வடிகட்டியைத் தாண்டி நீர் சென்றால், மயிரிழையினும் நுண்ணிய இடைவெளிகளைக் கொண்ட இன்ஜெக்டர் பழுதாகும். இதற்கு மருந்து எளிது. வேலை முடிந்த மாலையிலேயே தொட்டியை, விரிவதற்குச் சிறிது இடம் விட்டு, நிரப்பிவிட வேண்டும். காற்றுக்கு இடமில்லாத தொட்டியில் பனிக்கும் இடமில்லை. காலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்போர் ஒரு கேன் டீசலை மிச்சப்படுத்துவதாக நினைக்கிறார்கள், மிச்சமாவது ஒன்றுமில்லை.

வெயில் டயரின் பகை. சூரிய ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைத் தாக்கிப் பக்கங்களில் வெடிப்பு உண்டாக்கும். பாட்டரியோ சும்மா இருந்தாலும் மெல்ல மின்னிறங்கும். அப்படியே கிடந்தால் ஈயத்தகடுகளில் கந்தக உப்புப் படிந்து மீளாமற்போகும். மாதக்கணக்கில் ஓட்டாவிடில் அதன் எதிர்மின்முனையைக் கழற்றி வைத்து, அவ்வப்போது மின்னேற்றிக்கொள்ள வேண்டும். எலியைப் பற்றி நீங்கள் சிரிக்கலாம். கம்பிகளின் மேலுறையைக் கடித்து ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் அதன் வல்லமையை அனுபவித்தவர் சிரிக்கமாட்டார். தவிடும் புண்ணாக்கும் தொழுவத்தில் மூடிய பீப்பாயில் இருக்குமானால் எலிக்கு அங்கே வேலை குறையும்.

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பழுது பார்ப்பதும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்திலே உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆளை உறங்குவதுபோலவே வீழ்த்திவிடும்.

இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நின்றுகொண்டிருக்கும் டிராக்டர் ஏறி விளையாடும் பொருள் அன்று. கருவியைத் தூக்கிய நிலையிலேயே விட்டுச் செல்பவர் உண்டு. அதைத் தாங்கி நிற்பது எண்ணெயின் அழுத்தமே. ஒரு நெம்புகோலைத் தெரியாமல் தட்டினால் நூறு கிலோவுக்கும் மேற்பட்ட இரும்பு, கத்திகளோடு கீழே இறங்கும். ஆகையால் நிறுத்தும் முறை ஒன்று உண்டு: கருவியைத் தரையில் இறக்குக, எஞ்சினை அணைக்க, கை பிரேக்கை இடுக, சாவியை எடுத்து வீட்டுக்குள் மாட்டுக. சாவி வண்டியிலேயே தொங்கினால், எவ்வளவு நல்ல கொட்டகையும் காவல் ஆகாது.

எல்லோரும் டிராக்டர் வாங்கித்தான் ஆகவேண்டுமா என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும். வேண்டியதில்லை. 36 மணி நேர வேலைக்காக 8760 மணி நேரப் பொறுப்பை ஏற்பது பலருக்குக் கட்டுப்படியாகாது. நம் அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. 'இ-வாடகை' என்னும் செயலி வழியாகப் பதிவு செய்துகொள்ளலாம். சிறு உழவர்கள் இயந்திரம் வாங்க மானியமும் அத்துறையின் வழியே கிடைக்கிறது. வாடகையில் உள்ள குறை ஒன்றே. வாய்க்காலில் தண்ணீர் வந்தவுடன் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் உழ விரும்பும், இயந்திரத்துக்கு வரிசை நீளும், நாற்றங்கால் காத்திருக்காது. அந்த ஒரு வாரத்துக்காகவே என் மருமகனைப் போன்றோர் கடன் வாங்கத் துணிகிறார்கள். இருவர் மூவர் கூடி ஒன்றை வாங்குவது நன்று என்பது என் கருத்து. அப்போதும் அது யார் வீட்டில் நிற்கும் என்பதை விலை பேசுமுன் எழுதி முடித்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானியர் 1962இல் ஒரு சட்டம் செய்தனர். கார் வாங்க விரும்புவோர் அதை நிறுத்தத் தமக்கு இடம் உண்டு என்று காட்டிச் சான்று பெறவேண்டும். சாலையை எவரும் தம் கொட்டகையாக்கிக்கொள்ளலாகாது. அந்தச் சட்டம் டிராக்டருக்காக ஏற்பட்டதன்று. ஆனால் அதன் கருத்து இரண்டுக்கும் பொருந்தும். எங்கள் கே.கே. நகரில் மாலை வேளையில் நடந்தால், இரு மருங்கும் வீட்டுக்கு வெளியே நிற்கும் கார்களுக்கு இடையே ஒரு சைக்கிள் போகும் அளவே வழி இருக்கும். உழவனை மட்டும் குறை சொல்லி நகரத்தார் தப்பித்துக்கொள்ள முடியாது.

வாடிப்பட்டிப் பக்கத்துச் சாய்ப்பு 2022 புரட்டாசிக் கடைசியில் முடிந்தது. மழைக்கு முன்னால் டிராக்டர் உள்ளே போயிற்று. பசுக்கள் தங்கள் இடத்திலேயே நிற்கின்றன. சுவருக்கு இப்பால் எஞ்சின் சத்தம் கேட்டுத் தொடக்கத்தில் இரண்டு நாள் மிரண்டன, பிறகு பழகிவிட்டன. சேற்றுழவுக்குப் பூட்டும் கேஜ் வீல் இரண்டுக்கும் மட்டும் நாங்கள் அளவு எடுக்கும்போது இடம் ஒதுக்கவில்லை. அப்போது அவன் அவற்றை வாங்கியிருக்கவில்லை. இப்போது அவை வேப்பமரத்தடியில் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. சாய்ப்பின் வடக்குச் சுவரில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், இரண்டு இரும்பு முளைகள் அடித்தால் மாட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.